சித்தப்பா சோதித்த தண்ணீர்

எங்கள் சித்தப்பா குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறார். குழாய்த் தண்ணீரைத் தினமும் சோதித்து, 'குடிக்கலாம்' என்று கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு குப்பியையும் மூன்று தடவை பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டார். அந்தக் கையெழுத்தை ஊரில் ஒருத்தரும் சட்டை பண்ணியதில்லை. அவர் வீட்டிலேயே சித்தி தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்பார்.

போன வாரம் சித்தப்பா பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார். "நல்ல தண்ணின்னு நானே எழுதிக் குடுக்கிறேன். நீ ஏன் காய்ச்சுறே?"

"எதிர்வீட்டு அக்கா காய்ச்சுறாங்களே. விஷயம் இல்லாமலா செய்வாங்க?"

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணிய சோதிக்கிறவரே நீங்கதான். உங்க வீட்டுலயே காய்ச்சுறாங்க. நான் காய்ச்சாம குடிக்க எனக்கென்ன பைத்தியமா?"

திரும்பி வந்து அதை ஒரு வார்த்தை விடாமல் சித்தியிடம் சொன்னார். இதோடு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

சித்தி பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்தார்.

"பாத்தீங்களா, அவங்களுக்கு உங்க மேல எவ்வளவு நம்பிக்கை" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை அடுப்பில் ஏற்றினார்.