சோளகப் பக்கக் கதவு

ஆவணி 3ஆம் திகதியிட்ட பெயரில்லாப் பெட்டிசம். நான்காம் வரி: ‘பழைய பத்திரிகைக் கட்டுகள் சோளகப் பக்கக் கதவால் வெளியே போகின்றன.’ கரம்பொன்னில் எங்கள் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு எதிராக யாரோ பிரதேச சபைக் கந்தோருக்கு எழுதிய முறைப்பாடு. அதன் பிரதியை அவரே என் மேசையில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை விசாரணை, அண்ணை. ஆர் எழுதினதெண்டு தெரியாட்டி என்ர வேலை போயிடும். நீங்கள் உதுகளெல்லாம் படிக்கிறனீங்கள்தானே?”

படித்திருந்தேன். கைரேகை, நஞ்சு, கையெழுத்து எனத் தடயவியல் வளர்ந்த கதையைச் சொல்லும் புத்தகங்கள் என் அலுமாரியில் ஒரு தட்டு நிறைய உண்டு.

தெற்கைச் சோளகப் பக்கம் என்பது, காற்றின் பெயரால் திசை சொல்லும் கடற்றொழிலாளர் வழக்கம். வாசிகசாலைக்கு ஒழுங்காக வருபவர்களில் கடலுக்குப் போகிறவர் ஒருவரே. இரவல் பதிவேட்டில் அவர் கைப்பட எழுதிய வரிகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ‘ழ’வின் வால் தூண்டில்போல வளைந்திருந்தது. பெட்டிசத்திலும் அப்படியே. ‘க’வும் ‘ற’வும் ஒத்துவரவில்லை. வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார் என்று தீர்மானித்து, அவர் பெயரை ஒரு தாளில் எழுதி மடித்துவைத்தேன்.

அன்று மாலை என் புத்தகமொன்றில், பிரான்சில் ஓர் இராணுவ அதிகாரிமீது நடந்த வழக்கைத் திரும்பப் படித்தேன். கையெழுத்தைப் பார்க்க அழைக்கப்பட்ட நிபுணர், ஒத்த எழுத்துகள் குற்றத்தைக் காட்டுகின்றன, ஒவ்வாதவை அவர் தன் கையெழுத்தை மறைத்ததைக் காட்டுகின்றன என்றாராம். குற்றமற்ற அந்த அதிகாரி ஒரு தீவில் சிறை கிடந்தார். நான் செய்திருந்ததும் அதே கணக்குத்தான்.

புதன்கிழமை நான் வாசிகசாலையில் பதிவேட்டுடன் இருந்தபோது அந்தக் கடற்றொழிலாளர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“என்ன அண்ணை, கண்ணாடி வைச்சு மீன் செதிள் எண்ணுறியளோ?”

பெட்டிசத்தை நீட்டினேன். நான்காம் வரியில் விரலை வைத்துச் சிரித்தார்.

“சோளகப் பக்கமோ? இதுக்கு என்னைப் பிடிக்கிறதெண்டால் முதல்லை உங்களைப் பிடிக்கோணும். உந்தச் சுவரிலை தொங்கிற உங்கட காத்துக் கொப்பியிலை பக்கத்துக்குப் பக்கம் உதுதானே கிடக்கு!”

உண்மை. நாள்தோறும் காற்றின் திசையை ஒரு குறிப்பேட்டில் எழுதி அங்கே தொங்கவிடுகிறவன் நான். வருகிறவர்கள் எல்லோரும் அதை வாசிக்கிறார்கள்.

“அப்ப அண்ணையும் சந்தேகத்துக்குரிய ஆள்தான்,” என்று பெண்மணியும் சிரித்தார்.

மடித்த தாளைச் சட்டைப்பைக்குள்ளேயே கிழித்தேன். பெட்டிசம் வந்தால் எழுதியவரைத் தேடுவதே எங்கள் ஊர் வழக்கம். எழுதியதை யாரும் பார்ப்பதில்லை.

“பிள்ளை, கட்டுகளை எண்ணிப் பாத்தனீரோ?”

அவருடைய சிரிப்பு நின்றது. “அதை ஒருத்தரும் கேக்கேல்லையே.”

மூவருமாக எண்ணினோம். இருப்புப் பதிவேட்டின்படி இரண்டு குறைந்தன.

வெள்ளிக்கிழமை விசாரணையில் இரண்டு விடயங்களை எழுதிக் கொடுத்தேன்: எழுதியவரை அடையாளங்காண என்னால் முடியவில்லை, இரண்டு கட்டுகள் இல்லை. விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை பெண்மணி வேலையில் இருக்கிறார், ஆனால் என்னுடன் பேசுவதில்லை.

அந்த இரண்டு கட்டுகளும் எந்தக் கதவால் போயின என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.