புறாக்காரனின் சாட்சி

அம்மான் நகரின் கிழக்குச் சரிவில் குழாய் வேலை பார்த்தவன் நவ்வாஃப். பகலெல்லாம் பிறர் வீட்டுக் குளியலறை. மாலையானால் மொட்டைமாடி, புறாக்கூண்டு, புறாக்களை விரட்டிப் பறக்கவிடக் கையில் கறுப்புத் துணி கட்டிய கழி. ஒரு மழைக்காலத்தில், தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி அக்கம்பக்கத்துத் தொட்டிகளையெல்லாம் உடைத்துப் போட்டான். அண்ணன் ஹைதம் கையெழுத்திட, காவலர்கள் அவனைக் கட்டித் தூக்கி மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அதற்காக அண்ணனை அவன் நொந்துகொண்டதில்லை. குரல் நின்று ஓராண்டுக்கு மேலாகியும் வீட்டுக்கு அழைக்காததுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஊசியும் நின்றபாடில்லை. வேண்டாம் என்றால் நான்கு பேர் கைகாலைப் பிடித்து அமுக்குவார்கள்.

வெளியே விடும் அதிகாரம் ஒரு குழுவுக்கு இருந்தது. நோய் தணிந்தால் மட்டும் போதாது. பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். அண்ணன் மறுத்துவிட்டான். முன்வந்தவர் ரொட்டிக்கடை அபூ ரஷீத். அடுத்த மாடியில் அவரும் புறா விடுகிறவர்தான்.

"இவன் தேறிட்டான் ஐயா," என்றார் குழுத் தலைவரான நீதிபதியிடம். "என் கடையிலயே வேலை தர்றேன். மாத்திரைய நானே கையில குடுப்பேன்."

ஹைதம் சிரித்தான். "புறாக்காரன் சாட்சி செல்லாதுன்னு சின்னப்புள்ளகூட சொல்லுமே ஐயா. அடுத்தவன் புறா வந்து இறங்கினா அமுக்கிக்கிட்டு, வரவே இல்லன்னு சத்தியம் பண்ற கூட்டம் இது."

"சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல," என்றார் நீதிபதி. ஆனாலும் கேட்டுவிட்டார். "அப்படிப் பொய்ச் சத்தியம் பண்ணதுண்டா நீங்க?"

அபூ ரஷீத் மாவு அப்பிய நகங்களைப் பார்த்தார். இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்று நவ்வாஃப் மனதுக்குள் கெஞ்சினான்.

"உண்டுங்க. இவனோட வெள்ளவால் புறாவுக்கே பண்ணியிருக்கேன்."

நவ்வாஃபுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான். "எனக்கு அப்பவே தெரியும் ஐயா. அவரோட செவப்புப் புறா எங்கிட்ட இருந்துச்சு. நானும் எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன். புறா விஷயத்துல இதெல்லாம் சகஜம்."

குழுவில் இருந்த மருத்துவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப, குரல் கேக்கலன்னு நீ சொல்றத மட்டும் நான் எப்படிப்பா நம்புறது?"

அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

நடைவழியில் அபூ ரஷீத் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கொஞ்சம் புளுகித் தொலைச்சிருக்கலாம்டா."

"நாளெல்லாம் வாய் கூசாமப் புளுகுவீங்க. இன்னைக்குன்னு பாத்தா உண்மை வரணும்?"

"வெள்ளவால இன்னைக்கே தொறந்து விட்டுடுறேன். உன் கூண்டுக்கே போகட்டும்."

வாசலில் ஹைதம் கைபேசியில் கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தான். மொட்டைமாடியில் கட்டும் அறைக்குக் கூரைத் தகடு நாளைக்கே வந்து இறங்க வேண்டுமாம். கூண்டுக் கம்பியை என்ன செய்வது என்று மறுமுனையில் கேட்டிருப்பார்கள் போல. "இரும்புக்கடைக்குப் போட்டாச்சு," என்றான்.

நவ்வாஃப் காதில் அது விழுந்தது.

"வேணாங்க. வெள்ளவாலு உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றான் அபூ ரஷீத்திடம்.

ஊழியர் வந்து தோளைத் தொட்டார். ஊசி போடும் அறைக்குப் போகும்போதே நவ்வாஃப் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டான். அன்று யாரும் அவனைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.