அம்மை பேசிய நாட்கள்

முதலில் கழுத்தில் ஒரு கொப்புளம். மறுநாள் முதுகெங்கும் பரவிவிட்டது. ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குச் சின்னம்மை. ஜெலுத்தோங் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் என் நாத்தனார் வேப்பிலை கட்டினார். மாரியம்மா இறங்கும்வரை மருந்தும் கிளினிக்கும் கூடாது என்றார். நானும் அப்படி வளர்ந்தவள்தான், ஒத்துக்கொண்டேன்.

கொப்புளங்கள் காயத் தொடங்கியபோது தலைவலி வந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. மகள் கவிதா சொன்னதையே எழுதுகிறேன்.

விருந்தாளி வந்தால் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறவள் நான். அந்த இரண்டு நாளும் எழுந்து உட்கார்ந்து, உரத்த குரலில் எல்லாரையும் அதட்டினேனாம். நாத்தனார் கற்பூரம் ஏற்றினார். மேல்மாடியில் குடியிருக்கும் அண்ணன் எலுமிச்சம்பழத்தோடு வந்து, "தாயே, நாலு நம்பர் மட்டும் சொல்லிடு தாயே" என்று லாட்டரிக்குக் கேட்டார். சொன்னேனாம்.

இரண்டாம் நாள், ஜுருவில் உள்ள தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த கவிதா என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் யாரு?"

"எல்லாரும் என் பிள்ளைங்கதான்."

சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள். கவிதா மட்டும் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அம்மாவுக்கு என்னையே தெரியல. காடியில ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆத்தா உடம்புல இருக்கறப்போ வாசல் தாண்டக் கூடாது. கோவிச்சுக்குவா."

"கோவம்னா என்கிட்ட காட்டட்டும்லா. அப்பா, பாத்துக்கிட்டே நிக்காதீங்க!"

கணவர் என்னைத் தூக்கிக் காரில் ஏற்றினார். போகும் வழியிலேயே வலிப்பு வந்தது.

மருத்துவமனையில் தண்டுவட நீரை (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீர்) எடுத்துப் பார்த்தார்கள். மூளையழற்சி (கிருமியால் மூளை வீங்குவது). "அதே அம்மைக் கிருமிதான். இன்னும் ஒருநாள் வீட்டுல வெச்சிருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏறியது. கண் விழித்தபோது மகளின் முகம் தெரிந்தது. அவள் பெயர் வர இன்னும் சில நாட்கள் ஆயின.

உங்கள் வீட்டில் அம்மை கண்டவர் பேச்சு மாறினால், முதலில் உங்கள் பெயர் என்னவென்று அவரிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் காத்திருக்காதீர்கள். வேப்பிலையையும் கூடவே கொண்டுபோகலாம். என் தலையணைக்கு அடியில் இருந்ததை எந்தத் தாதியும் எடுக்கவில்லை.

இடது கை இப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் அசைகிறது. லிஃப்டில் என்னைக் கண்டால் மேல்மாடி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

"அண்ணே, நான்தான்" என்றேன் ஒருநாள்.

"தெரியும் தாயி" என்றார், தலை நிமிராமல்.

நாத்தனார் கைப்பேசியில் பதிவு செய்திருந்த அந்தக் குரலை ஒரே ஒருமுறை கேட்டேன். கூச்சமே இல்லாத குரல். என் தொண்டையிலிருந்துதான் வந்திருக்கிறது. வாழ்க்கையில் நான் சொன்னதை எல்லாரும் கேட்டு நடந்த நாட்கள் அவை. அப்போது நான் அங்கே இல்லை.