ஒப்பிட இன்னொரு தங்கை

“இந்த சோப்பு நல்லா அழுக்குப் போக்கும், எடுத்துக்குங்க” என்று கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

“எதோட ஒப்பிட்டு?” என்று கேட்டார் டீச்சர்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு பெண், பழைய மாணவியாக இருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

பதினோராம் வகுப்புக்கு உளவியல் எடுக்கும் இவருக்குப் பள்ளியில் ‘எதோட டீச்சர்’ என்றே பெயர். வெயில் ஜாஸ்தி என்றாலும் சரி, புது மருமகள் தங்கம் என்றாலும் சரி, முதலில் அந்தக் கேள்விதான் வரும். ஆசிரியர் அறையில் அவர் காதில் விழும்படி யாரும் எதையும் புகழ்வதில்லை.

ஒல்லி உடம்பு. விரல் நுனிகளில் வெடிப்பு. சுண்ணக்கட்டியைத் தாளில் சுற்றித்தான் பிடிப்பார். சீட்டுக் குலுக்கி வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி பாட்டைக் கேட்டுக்கொண்டே சொற்களை மனப்பாடம் செய்யும். மறு பாதிக்குப் பாட்டு கிடையாது.

“டீச்சர், இந்த வாட்டியும் நாங்கதான் ஒண்ணுமில்லாத கூட்டமா?”

“நீங்க இல்லேன்னா அவங்க மறந்தது பாட்டாலயா, தூக்கத்தாலயான்னு யாருக்குடி தெரியும்? ஒண்ணுமில்லாத கூட்டம்தான் ஒசத்தி. வாய மூடிட்டு எழுது.”

பாடத்தில் அவர் குரலை உயர்த்துவது ஒரே இடத்தில்தான். சோதனைக்கு வந்தவர் எந்த நிமிடமும் விலகிப் போகலாம், காரணம் கேட்கக் கூடாது, ஆசை காட்டி உட்காரவைக்கக் கூடாது. ஒரு தடவை ஒருத்தி நிஜமாகவே பாதியில் எழுந்துவிட்டாள். டீச்சரே போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வீடு இரண்டே அறை. உள்ளறையில் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்துக்கொண்டு, ஊர் வம்பை எல்லாம் வீட்டுக்குச் சுமந்து வந்தவள். முதலில் வேலையை விட்டாள், பிறகு பேச்சை. மனச்சோர்வு என்றார் டாக்டர். இருந்த மருந்து எதுவும் கேட்கவில்லை. இப்போது ஒரு புது மருந்தின் சோதனையில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது.

“இன்னிக்கு அவளே ஜன்னலத் தொறந்தாடி! மாத்திர வேல செய்யுது பாத்தியா?” என்கிறார் அம்மா.

டீச்சரின் தொண்டை வரை அந்தக் கேள்வி வருகிறது. எச்சிலோடு விழுங்கிவிடுகிறார். மாத்திரை சாப்பிடாமல் அதே அறையில் படுத்திருக்க, ஒப்பிட இன்னொரு தங்கை இல்லை.

வாரம் ஒரு நாள் பரிசோதனைக்குப் போய் வருவது ஒன்றுதான் தங்கை வாசலைத் தாண்டும் பயணம். மாத்திரையை நிறுத்தினால் அதுவும் நின்றுபோகும்.

நேற்று மாலை அவள் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, இது மாவுதானே?”

“தெரியாதுடி. சத்தியமா யாருக்கும் தெரியாது.”

“தெரியாதாம்! எல்லாருமாச் சேந்து எனக்கு மாவக் குடுத்து வேடிக்க பாக்குறீங்க. போதும். நான் விலகிக்கறேன். விலகலாம்ல?”

“விலகலாம்” என்றார் டீச்சர். அது தங்கைக்குக் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

தங்கை உள்ளங்கையை நீட்டினாள். வியர்வையில் மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப நீயே நாக்குல வெச்சுப் பாத்துச் சொல்லு. மருந்துன்னா கசக்கும்ல? கசந்தா முழுங்கறேன். இல்லேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யாரும் என்னக் கூப்பிடாதீங்க.”

நிறம், எடை, ருசி எதிலும் வித்தியாசம் தெரியாதபடிதான் இரண்டையும் செய்வார்கள். அது டீச்சருக்குத் தெரியும். நாக்கில் வைத்தால் எதுவும் நிரூபணமாகாது. ஆனாலும் வாங்கி நாக்கில் வைத்தார். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக வந்து நிலைப்படியில் நின்றார்.

காகிதத்தை நக்கினாற்போல் இருந்தது. கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. தங்கை பல நாட்களுக்குப் பிறகு ஒரு முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கண்களை இறுக்க மூடி, முகம் முழுவதையும் சுளித்து, தண்ணீர் டம்ளருக்காகக் கையை நீட்டித் துழாவினார்.