இரண்டு வாஃபிள்கள்

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நான் மேலாளராக இருந்த தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. அதைப் பொருத்த நார்வேயிலிருந்து ஓர் இன்ஜினியரும் வந்தார். ஒருநாள் அவரை மண்ணூரில் இருந்த என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன்.

எப்படிச் சொல்வது என்று நான் தயங்குவதற்குள் அவரே ஷூவை வாசலில் கழற்றினார். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். அவருக்காக மனைவி மீன் குழம்பில் காரத்தைக் குறைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் தட்டோடு நேரே சமையலறைக்குப் போய் அவள் எதிரே நின்று நார்வே மொழியில் ஏதோ சொன்னார். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தமாம்; என்னிடம் மட்டும் ஆங்கிலத்தில் விளக்கினார். சமைத்தவரிடம் அதைச் சொல்லாமல் அங்கே குழந்தைகள்கூட மேசையை விட்டு எழ மாட்டார்களாம். பிறகு தட்டைக் கழுவத் தொடங்கினார்.

"ஐயய்ய, வச்சிடுங்க சார்!" என்று பதறிய மனைவி அடுத்த நொடியே வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் தொழிற்சாலையில் என்னைப் பார்த்ததும், "நேற்றைக்கு நன்றி" என்றார். ஒருவர் வீட்டில் சாப்பிட்டால் அடுத்துப் பார்க்கும்போது மறுபடியும் சொல்வது அவர்கள் வழக்கம். "உங்கள் மனைவிக்கும் நேரில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள்."

அன்று மாலை மனைவி கேட்டாள்: "இன்னாங்க, அவரு எதுனா சொன்னாரா?"

"எதைப் பத்தி?"

"கொழம்பப் பத்திதான்."

"ஒண்ணும் சொல்லல."

ஞாயிறன்று அவளிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் அவர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸுக்குத் தனியே போனேன். அங்கே மூன்று தட்டுகள் வைத்திருந்தார். மனைவிக்குக் காய்ச்சல் என்றேன். ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு அச்சில் இதய வடிவத்தில் வாஃபிள் சுட்டார். நம் ஆப்பத்தின் நடுப்பகுதி போல மெத்தென்றிருந்தது. அதன்மேல் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியை மெல்லியதாகச் சீவிப் போட்டார். அடிப்பிடித்த பால்கோவாவில் உப்புப் போட்டது போன்ற சுவை. கிளம்பும்போது இரண்டைக் காகிதத்தில் சுற்றி, "காய்ச்சல் விட்டதும் அவருக்குக் கொடுங்கள்" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று இரண்டையும் நானே தின்றேன். காகிதத்தைக் கசக்கி முள்வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

அதன்பின் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அவள் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாள். "புடிக்குதோ புடிக்கலையோ, நமக்கின்னா தெரியும்" என்பாள்.

போன மாதம், மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டையும் நீங்களேவா துன்னீங்க?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்தது."

"அவரு சமையக்கட்டுலயே சொன்னாரு. பாஷ புரியலன்னாலும் மூஞ்ச பாத்தா தெரியாதா? நீங்கதான் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லவே இல்ல. அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நன்றி என்ற சொல் எனக்கு வரவில்லை. அவளிடம் அதைச் சொல்லிப் பழக்கமே இல்லை. "கொழம்பு நல்லா இருந்தது" என்றேன்.

"தட்ட வச்சிட்டுப் போங்க. நீங்க கழுவுனா எண்ணெ போவாது" என்றாள்.

வைக்காமல் கழுவினேன். எண்ணெய் போகத்தான் இல்லை. அவள் சிரிக்கவும் இல்லை.