மெல்லிய ஷூவும் இருபது நிமிஷமும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. கோழிப்பண்ணை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆகட்டும் என்றுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் இருக்கிறேன். ஒரு ஷெட்டுக்கு ஒரு ஆள். தீவனம் போட்டு, தண்ணி பார்த்து, முட்டை எடுத்து ட்ரேயில் அடுக்க வேண்டும். பகல் முழுக்கப் பேச்சுத்துணை கிடையாது. முன்பு வெறுங்காலோடு நடப்போம். எங்கள் காலோடு கோழிக்கு நோய் வருகிறது என்று முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் கொடுத்தார்கள். அந்தக் கனத்தில் நாலு வருஷத்தில் முட்டி போயிற்று. சிமெண்ட் தரையில் தொம்தொம் என்று நடந்தால் கோழியும் மிரண்டு றெக்கை அடிக்கும்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் குமரேசன் ஒரு ஷூ அனுப்பினான். மெல்லிய அடி, குதிகால் உயரம் இல்லை, விரலைப் பரப்பி வைக்க இடம். வெறுங்காலில் நடக்கிற மாதிரியே இருக்குமாம். சூப்பர்வைசர் செந்தில் அதை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, ஷூ வாங்கச் சொன்னா காலுறைய மட்டும் வாங்கியாந்துட்டீங்களா?" என்றார். ஆனாலும் கால் மூடியிருக்கிறது, ஷெட்டுக்குள் மட்டும் போடுங்கள் என்று விட்டுவிட்டார்.

வெறுங்காலில் நடக்காத நடையா என்று முதல் நாளே பொழுதுக்கும் போட்டேன். மறுநாள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. போனில் சொன்னதும் மகன் வைதான். பூட்ஸில் குதிகாலை ஊன்றியே பழகின கால், முதலில் பத்து நிமிஷம்தான் போடணும், வலி விட்ட பிறகு அஞ்சஞ்சாகக் கூட்டணும் என்றான்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிட்டான். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் ரெண்டு வார்த்தை. இப்போது, "இன்னைக்கு எத்தன நிமிஷம்மா?" என்று ஆரம்பிப்பான். கால் பேச்சு முடிந்து, தீவனம் தின்னாத கோழி, அவன் தின்ன சாப்பாடு என்று எங்கெங்கோ போகும்.

ஒரு மாசத்தில் வலி போய்விட்டது. நாள் முழுக்க அதைப் போட்டே நடந்தேன். கோழி திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் பழகிவிட்டது என்று சொன்னால் போன் நின்றுவிடுமே. இருபது நிமிஷம், இருபது நிமிஷம் என்றே சொல்லிவந்தேன். ஒருநாள் வாய் தவறி இருபத்தஞ்சு என்று சொல்லிவிட்டு, மறுநாள் வலிக்கிறது என்று குறைத்துக்கொண்டேன்.

அவன் பயந்துபோய் செந்திலுக்கே போன் போட்டு, அம்மாவை வேலையை விட்டு நிறுத்துங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறான். செந்தில் போனோடு ஷெட்டுக்கு வந்தார். "காத்தால இருந்து இதத்தான போட்டுட்டு நடக்கறீங்க? இருபது நிமிஷம்னு சொன்னீங்களாமா?" என்று போனைக் கையில் கொடுத்தார். கூச்சத்தோடு வாங்கிக் காதில் வைத்தேன்.

"கால் எப்பவோ பழகிருச்சு சாமி. சொன்னா நீ கூப்பிட மாட்டியேன்னுதான்..."



"நாளைக்குக் கூப்புடறேம்மா," என்றான். "காலப் பத்திக் கேக்க மாட்டேன்."

கூப்பிடுகிறான். தினமும் இல்லை. கேட்க ஒன்றும் இல்லாமல் சில நேரம் ரெண்டு பேரும் சும்மா இருக்கிறோம்.

பூட்ஸிலிருந்து மெல்லிய ஷூவுக்கு மாறுகிறவர்கள் மெதுவாக மாறுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள், பேச ஆள் வேண்டுமென்றால் அதையும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். எத்தனை நாளைக்கு எத்தனை நிமிஷம் என்பதை மட்டும் விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துப் போடுங்கள். அவன் சொன்ன நிமிஷமும் நான் பொய் சொன்ன நிமிஷமும் எனக்குள் கலந்துபோய்விட்டன.