தண்ணீரில் கண்ட அமிலம்

முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் எங்களை மேற்பார்வையிட்டவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். கறை படிந்த வெள்ளைக் கோட்டு, நூலில் தொங்கும் கண்ணாடி. எந்த நோட்டையும் படிப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அழித்த தடம் தேடுவார்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மருத்துவப் படிப்புச் சீட்டுக்கு ஆசைப்படுகிற எல்லோரும் படிக்கும் வகுப்பு அது. எனக்குத் தேவையான மதிப்பெண்களைப் பட்டியலிட்டே வைத்திருந்தேன். அன்று, கொடுத்த போத்தலில் அமிலம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்த பிறகே நிறம் மாற வேண்டிய குடுவை, காரத்தின் முதல் சொட்டிலேயே இளஞ்சிவப்பாகிவிட்டது. என் கைப்பிழை என்று நினைத்து, சீனியர் நோட்டிலிருந்த மூன்று அளவுகளை அழகாக எழுதிக் கொடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு அழிப்பும் இல்லை. எழுத்தும் நல்ல வடிவு. ஆனா பிள்ளை, உம்மட போத்தலுக்குள்ள நான் வெறும் தண்ணியெல்லோ ஊத்தி வச்சனான்."

"சார், என் மெடிசின் சீட்டு போயிடும்."

"போகட்டும். இல்லாத அமிலத்தை அளந்தனீர். நாளைக்கு இல்லாத நோய்க்கும் மருந்து குடுப்பீர்."

பத்துக்கு இரண்டு போட்டார். சீட்டு போனது. இன்று குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அளவுகள் அழகாகப் பொருந்தி வந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த இரண்டு மதிப்பெண் எதற்கு என்பதுதான் இன்னும் புரியவில்லை. கையெழுத்துக்காக இருக்கும்.